வெள்ளைக்கு அடியில்

இங்கிலாந்தின் கிராமத்துக் கோயில்களைப் பற்றி எழுதுகிற யாரும் அவற்றின் வெண்மையைத் தொடாமல் போவதில்லை. சுண்ணாம்பு அடித்த சுவர், நிறமில்லாத கண்ணாடிச் சன்னல், மரப் பெஞ்சுகளின்மேல் சாய்ந்து விழும் வெளிச்சம், ஈரக்கல் வாசம், ஆளில்லாத நடுக்கூடம். எனக்கும் இவை பிடிக்கும். சஃபோக் பக்கத்தில் சக்கிமுக்கிக் கல்லால் கட்டிய ஏதாவதொரு கோயிலுக்குள் காலெடுத்து வைத்ததும் குரல் தானாகத் தணிந்துவிடுகிறது. ஆனால் அந்த அமைதியைப் புகழ்ந்து எழுதியவற்றைப் படிக்கும்போதெல்லாம் உள்ளே ஏதோ உறுத்துகிறது. அந்த வெண்மையை அந்தக் கோயிலைக் கட்டியவர்கள் தரவில்லை. 12ஆம் நூற்றாண்டிலோ 15ஆம் நூற்றாண்டிலோ அங்கே கல் சுமந்தவன் அதைப் பார்த்தால் தன் கோயில் கொள்ளை போய்விட்டது என்றுதான் நினைப்பான். அவனுக்குத் தெரிந்த கோயிலில் வெறுஞ்சுவர் என்று அநேகமாக ஒன்றும் கிடையாது. செங்காவி, மஞ்சள் காவி, கரி, சுண்ணாம்பு என்று கைக்கெட்டிய நிறங்களை வைத்தே சுவரெல்லாம் எழுதியிருந்தார்கள். உத்தரமும் தூணும்கூடச் சாயம் பூசியிருந்தன. ஒவ்வொரு புனிதரின் சுரூபத்துக்கு முன்னாலும் ஒரு திரி எரிந்தது. தேன்மெழுகின் மணமும் புகையும் அந்தக் கட்டடத்தின் காற்றாகவே இருந்திருக்கும். சமயச் சீர்திருத்தக் காலத்தில் அதையெல்லாம் மூடச் சொல்லி ஆணை வந்தது, மூடினார்கள். நாம் இன்று தியானம் என்று அனுபவிப்பது அந்த ஆணையின் விளைவை. இது தெரிந்த பிறகும் அந்த வெண்மை எனக்குப் பிடித்துக்கொண்டேதான் இருக்கிறது என்பதே என்னைத் தொந்தரவு செய்கிறது.

சஃபோக்கில் வென்ஹாஸ்டன் என்றொரு சிற்றூர். அங்குள்ள புனித இராயப்பர் கோயிலைப் புதுப்பிக்கும் வேலை 1892இல் நடந்தது. பீடப்பகுதிக்கும் நடுக்கூடத்துக்கும் இடையிலுள்ள வளைவை அடைத்து, வெள்ளையடித்த பழைய மரப்பலகைகள் நின்றன. வேலையாட்கள் அவற்றைக் கழற்றிக் கல்லறைத் தோட்டத்தில் போட்டார்கள். இரவில் மழை பெய்தது. மழையில் சுண்ணாம்பு கரைந்து ஓட, காலையில் பலகைகளிலிருந்து முகங்கள் பார்த்தன. 1500ஆம் ஆண்டை ஒட்டி யாரோ எழுதிய பொதுத்தீர்வைக் காட்சி அது. சுமார் 17 அடி அகலம். மேலே வானவில்லின்மேல் அமர்ந்திருக்கிறார் கிறிஸ்து. ஒரு பக்கம் மாதாவும் ஸ்நாபக அருளப்பரும் மண்டியிட்டு மன்றாடுகிறார்கள். கீழே சாவியோடு நிற்கும் இராயப்பர் ஒரு சிறு கூட்டத்தை வரவேற்கிறார். அதில் அரசரும் ஆயரும் உண்டு, எல்லோரும் நிர்வாணம். ஆனால் தலையில் கிரீடமும் ஆயர் தொப்பியும் மட்டும் கழலாமல் இருக்கின்றன. மோட்சத்தின் வாசலிலும் பதவி தெரிய வேண்டும் என்றா, பதவி இவ்வளவுதான் என்றா, எழுதியவன் எதை நினைத்தான் என்று சொல்லிவிட முடியாது. நடுவில் மிக்கேல் சம்மனசு தராசைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். எதிரே தன் கணக்கைப் பேச வந்த பிசாசு. வலது கோடியில் நரகம், பெரிய மீனின் வாயாகப் பிளந்து கிடக்கிறது; சங்கிலி போட்டு ஆட்களை உள்ளே இழுக்கிறார்கள். தேர்ந்த கை என்று சொல்ல மாட்டேன். உடல்கள் விறைத்து நிற்கின்றன, விரல்கள் எல்லாம் ஒரே நீளம். ஆனால் அந்தத் தராசுத் தட்டுகளைப் பார்த்துக்கொண்டு வளர்ந்த குழந்தைகளை நினைத்தால் கையின் தேர்ச்சி பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

நான் சொல்ல வந்தது ஓவியத்தை அல்ல, அதில் எழுதப்படாத இடங்களை. பலகையின் நடுவே, உயரமாக, சிலுவை வடிவில் ஒரு வெறும் இடம். அதன் இரு புறமும் ஆள் உயர வடிவில் இன்னும் இரண்டு. அங்கே சாயம் அழியவில்லை. எப்போதும் பூசப்படவே இல்லை. ஏனென்றால் அந்த இடங்களில் மரத்தில் செதுக்கிய பாடுபட்ட சுரூபமும், அதன் அடியில் நிற்கும் மாதாவும் அருளப்பரும் பலகையோடு சேர்த்துப் பொருத்தப்பட்டிருந்தார்கள். ஓவியன் அவர்களைச் சுற்றி வண்ணம் தீட்டினான். பிறகு ஆணை வந்தது. சுரூபங்கள் இறக்கப்பட்டன, எரிந்திருக்கும். பலகையைக் கழற்றுவது பெரிய வேலை, சுண்ணாம்போ மலிவு, வெள்ளையடித்துவிட்டார்கள். அதனால்தான் அந்த மூன்று உருவங்களின் விளிம்பு இன்றுவரை கத்தியால் வெட்டியதுபோல் துல்லியமாக இருக்கிறது. மாதாவின் தோள் எங்கே சரிந்தது, அங்கி தரையில் எவ்வளவு விரிந்தது என்றெல்லாம் அளந்துவிடலாம். முகத்தை மட்டும் அளக்க முடியாது. ஆங்கிலப் பங்குக் கோயில் ஒவ்வொன்றின் மையமும் ஒரு காலத்தில் இந்த மூவர்தாம். மக்கள் நின்ற நடுக்கூடத்தைப் பராமரிப்பது மக்களின் கடமை, குரு நின்ற பீடப்பகுதி குருவின் பொறுப்பு. இரண்டும் சந்திக்கும் வளைவில் ஒரு மரத்தட்டி, அதன்மேல் குறுகலான ஒரு பரண், பரணுக்கு மேலே சிலுவை. பரணில் ஏறித் திரி ஏற்ற வேண்டும் என்பதால் சுவருக்குள்ளேயே கல்லைக் குடைந்து படிக்கட்டு வைத்தார்கள். சுரூபங்கள் போயின, எலிசபெத் காலத்தில் 1561இல் வந்த உத்தரவோடு எஞ்சியிருந்த பரண்களும் போயின. படிக்கட்டு சுவரின் உடம்பில் இருந்ததால் பல ஊர்களில் தப்பியது. சுவரில் பத்தடி உயரத்தில் ஒரு வாசல் வெறும் காற்றுக்குள் திறந்துகொண்டிருப்பதை இன்றும் எத்தனையோ கோயில்களில் பார்க்கலாம். படிகளின் நடுப்பகுதி தேய்ந்திருக்கும். திரி ஏற்றப் போனவர்களின் கால்கள் தேய்த்தது.

வென்ஹாஸ்டனின் அந்த வெற்றிடங்கள் என்னை அசைப்பதுபோல, முழுசாகத் தப்பிய சுரூபம் எதுவும் அசைத்ததில்லை. இதைச் சொல்லும்போதுதான் உறுத்தல் கூடுகிறது. இழந்தவர்களுக்கு அது வெற்றிடம். எனக்கு அது வடிவம். கோடு சுத்தமாக இருக்கிறது, கற்பனைக்கு இடம் விடுகிறது, நவீன ஓவியம்போல் இருக்கிறது என்றெல்லாம் மனம் பேசத் தொடங்குகிறது. யாரோ அழுததன் விளிம்புக் கோட்டை நான் ரசிக்கிறேன். சிதைவை ரசிப்பதற்கு ஐரோப்பாவில் ஒரு நீண்ட மரபே உண்டு. பாழடைந்த மடாலயங்களை எழுதியும் வரைந்தும் அலுக்காத மரபு. அந்த மரபில் மனிதர்கள் ஏன் காணாமல் போகிறார்கள் என்பதற்குக் காரணம் எளிமையானது. அவர்கள் எழுதிவைத்த சொற்கள் அநேகமாக நம்மிடம் இல்லை. கல் கிடைத்திருக்கிறது, சொல் கிடைக்கவில்லை. சொல் கிடைத்த ஓர் இடம் உண்டு, டெவன் மாவட்டத்தில், எக்ஸ்மூர் மேட்டு நிலத்தின் தெற்கு விளிம்பில்: மோர்பாத். அங்கே பங்குக் குருவாக இருந்த கிறிஸ்டோபர் டிரைக்கி 1520இல் வந்தார், 1574இல் இறந்தார். ஐம்பத்து நான்கு ஆண்டுகள் ஒரே ஊர், ஒரே கோயில். மேலே எட்டாம் ஹென்றி, ஆறாம் எட்வர்டு, மேரி, எலிசபெத் என்று நான்கு ஆட்சிகள். கோயில் கணக்கை அவரே எழுதினார், எழுதியதை ஊர் முன்னால் வாசித்தார். அந்தக் கணக்கை வைத்து வரலாற்றாசிரியர் ஈமன் டஃபி 2001இல் எழுதிய நூலைப் படித்த பிறகு எந்த வெள்ளைச் சுவரையும் பழையபடி பார்க்க எனக்கு முடியவில்லை.

33 குடும்பங்கள் கொண்ட ஊர். பணம் என்றால் ஆடு. ஒவ்வொரு புனிதரின் திரிக்கும் தனித்தனி நிதி, அந்த நிதிக்கென்று சில ஆடுகள். ஆட்டை இந்த வீட்டில் ஒன்று அந்த வீட்டில் ஒன்று என்று மேய விட்டிருந்தார்கள். கம்பளி விற்ற காசில் மெழுகு. இளைஞர்களுக்கு ஒரு நிதி, கன்னிப் பெண்களுக்கு ஒரு நிதி. எந்த ஆடு செத்தது, எது தொலைந்தது என்பதுகூடக் கணக்கில் இருக்கிறது. டிரைக்கி தாம் வந்த புதிதில் எக்ஸெட்டர் நகரத்துப் புனிதையான சிட்வெல்லின் பக்தியை ஊருக்குக் கொண்டுவந்தார். ஊர் அவளை ஏற்றுக்கொண்டது. எவ்வளவு என்றால், கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்த வெள்ளியில் அவள் சுரூபத்துக்கு ஒரு காலணி செய்து மாட்டினார்கள். அவருக்குத் தீராத ஆசை ஒன்று இருந்தது: இறந்தோர் பூசைக்கு முறையான கறுப்புப் பூசையுடுப்பு. ஊர் ஏழை என்பதால் தம் வருமானத்தில் ஒரு பகுதியையும் அதற்காக விட்டுக்கொடுத்து இருபது ஆண்டுகள்போலச் சேர்த்தார். உடுப்பு 1547இல் வந்தது. அந்த ஆண்டு சனவரியில் ஹென்றி இறந்திருந்தார். அதே ஆண்டுக்குள் சிறுவனான அவருடைய மகனின் அரசு சுரூபங்களுக்கு எதிரான கட்டளைகளை அனுப்பியது. இறந்தவர்களுக்காகப் பூசை சொல்ல விட்டுச்சென்ற சொத்துகளையும் சட்டம் போட்டுப் பறிமுதல் செய்தது. உத்தரிக்கிற ஸ்தலமே இல்லை, இறந்தவர்களுக்கு உயிரோடிருப்பவர்கள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை என்பதே புதிய போதனை. இருபது ஆண்டு ஆசைக்கு ஒரு வருடம்கூட நிம்மதி கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டுகளில் ஆடுகள் விற்கப்பட்டன, நிதிகள் கலைந்தன, கணக்கு ஏடு இளைத்துக்கொண்டே போகிறது. 1549இல் மேற்கு மாவட்டங்கள் புதிய ஜெபப் புத்தகத்தை எதிர்த்துக் கிளர்ந்தபோது மோர்பாத் ஐந்து இளைஞர்களுக்கு ஆயுதமும் வழிச்செலவும் கொடுத்து எக்ஸெட்டர் முகாமுக்கு அனுப்பியது. அந்தச் செலவையும் டிரைக்கி எழுதி வைத்தார். மேரி அரசியானதும் ஊர்க்காரர்கள் பரணிலும் கொட்டிலிலும் ஒளித்துவைத்திருந்த துண்டுகளைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு வந்தார்கள். அவர்களிடம் போய் அந்த வெற்றிடம் அழகாக இருந்ததே என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. இன்றைய மோர்பாத் கோயில் 19ஆம் நூற்றாண்டில் பெரிதும் மாற்றிக் கட்டப்பட்டது. டிரைக்கி தொட்டது அங்கே அதிகம் இல்லை. வென்ஹாஸ்டனில் பொருள் இருக்கிறது, பேச ஆளில்லை. மோர்பாத்தில் ஆள் பேசிக்கொண்டே இருக்கிறார், பொருள் இல்லை. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

இத்தோடு நிறுத்தினால் சுண்ணாம்பு வாளியைத் தூக்கியவன் வெறும் அழிப்பவன் என்றாகிவிடும். அதையும் என்னால் ஏற்க முடியவில்லை. அவன் வெளியூர்க்காரன் அல்ல. ஸ்ட்ராட்ஃபோர்டில் நகராட்சிக் கணக்கைப் பார்த்த ஜான் ஷேக்ஸ்பியர், சங்கச் சிற்றாலயத்தின் உருவங்களைச் சிதைக்க இரண்டு ஷில்லிங் கொடுத்ததாக எழுதியிருக்கிறார். மகன் வில்லியம் பிறக்கச் சில மாதங்களே இருந்தன. சிதைக்க என்று எழுதினாலும் வளைவுக்கு மேலிருந்த பொதுத்தீர்வைக் காட்சியை அவர்கள் கொத்தவில்லை, வெள்ளைதான் அடித்தார்கள். நம்பிக்கையற்ற சோம்பலா, சிக்கனமா, நாளை இன்னொரு அரசர் வந்து மனம் மாறலாம் என்ற எச்சரிக்கையா? மூன்றும் கலந்திருக்கலாம். வெள்ளையை மனமார விரும்பியவர்களும் இருந்தார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. வாழ்நாள் முழுவதும் அந்த மீன்வாய்க்குக் கீழே நின்று, செத்த குழந்தைக்கு இன்னும் எத்தனை பூசை வேண்டுமோ என்று கணக்குப் போட்ட ஒரு தாய்க்கு, கணக்கே தேவையில்லை என்று சொல்லப்பட்டது விடுதலையாக இருந்திருக்காது என்று எப்படிச் சொல்வது? தனக்குப் புரியும் மொழியில் வேதத்தைக் கேட்டுக்கொண்டு வெறுஞ்சுவரைப் பார்த்தவள் அதில் வெளிச்சத்தைத்தான் கண்டிருப்பாள். அதோடு, மூடி எழுதும் பழக்கம் சீர்திருத்தக்காரர்கள் தொடங்கியது அல்ல. பழைய ஓவியம் மங்கினாலோ புதிய புனிதர்மேல் ஊருக்குப் பிரியம் வந்தாலோ ஒரு பூச்சு அடித்து அதன்மேல் எழுதிக்கொள்வது இடைக்காலத்தவர்களுக்கே வழக்கம். ஒரே சுவரில் மூன்று நூற்றாண்டு ஓவியங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடைத்திருக்கின்றன. கோயில் அவர்களுக்குப் புழங்குகிற இடம், காட்சிக்கூடம் அல்ல.

வெறுப்பு செய்த சேதத்தை நாம் எளிதில் அடையாளம் காண்கிறோம்; சில சமயம் அதற்குக் கூடுதலாகவும் பழி சுமத்துகிறோம். வென்ஹாஸ்டனுக்குப் பக்கத்திலேயே, சதுப்பு நிலத்துக்கு மேலே நிற்கும் பிளைத்பர்க் கோயிலில், பக்கத்துக்கு 18 மேற்சன்னல்களுக்கு நடுவே, கூரை முதுகுத்தண்டில் இறக்கை விரித்த மரத் தேவதூதர்கள் இருக்கிறார்கள். உள்நாட்டுப் போரின்போது உருவங்களை உடைக்கப் பாராளுமன்றத் தரப்பு அனுப்பிய வில்லியம் டௌசிங் 1644இல் அங்கே வந்தார். கேம்பிரிட்ஜ்ஷயர், சஃபோக் இரண்டிலுமாக ஏறத்தாழ 250 கோயில்களைப் பார்த்து, உடைத்ததையெல்லாம் நாட்குறிப்பில் எழுதியவர். பிளைத்பர்க்கில் தேவதூதர்கள் இருபதை இறக்கச் சொல்லிவிட்டுப் போனார். கூரை மிக உயரம், பலர் தப்பிவிட்டார்கள். அந்த மரத்தில் பிற்பாடு ஈயக் குண்டுகள் கிடைத்தபோது டௌசிங்கின் ஆட்கள் சுட்டது என்று ஊரெங்கும் கதை கட்டிவிட்டார்கள். உண்மையில் அவை 18ஆம் நூற்றாண்டுக் குண்டுகள். கூரைக்குள் அடைந்த காக்கையினப் பறவைகளை விரட்டக் கோயில்காரர்களே கூலி கொடுத்துச் சுடவைத்தது.

அன்பு செய்த சேதம் இதைவிடப் பெரிது என்று எனக்குத் தோன்றுகிறது. 19ஆம் நூற்றாண்டில் இடைக்காலத்தின்மேல் காதல் கொண்டவர்கள்தாம் சுவர்களைச் சுரண்டினார்கள். கட்டடத்தின் நேர்மை கல்லில் இருக்கிறது, காரையில் இல்லை என்று நம்பி, கோயில் கோயிலாகக் காரையைக் கல் தெரிய உரித்தார்கள். காரையோடு அதிலிருந்த ஓவியமும் தூளாகிப் போயிற்று. முந்நூறு ஆண்டுகள் வெள்ளை காப்பாற்றி வைத்ததைச் சில நாட்களில் தொலைத்தார்கள். வில்லியம் மோரிஸ் 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியது இந்தச் சுரண்டலைக் கண்டு பொறுக்காமல்தான். புதுப்பிக்காதீர்கள், பழுது மட்டும் பாருங்கள் என்பது அவர் வாதம். அதைவிடத் தெளிவாக இந்த விஷயத்தில் யாரும் பேசியதாக எனக்குத் தெரியவில்லை. கிளஸ்டர்ஷயரில் கெம்ப்லி என்ற ஊரில், ஈரக் காரையின்மேலேயே 12ஆம் நூற்றாண்டில் எழுதிய பீடப்பகுதி ஓவியம் 1872இல் வெளியே வந்தது. மகிழ்ந்தவர்கள் அதைக் காக்க அரக்கு வார்னிஷ் பூசினார்கள். வார்னிஷ் கறுத்து, கிறிஸ்துவும் சீடர்களும் பழுப்பு மூட்டத்துக்குள் போனார்கள். அதை நீக்க 1955வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 20ஆம் நூற்றாண்டில் ஆங்கிலச் சுவரோவியங்களை யாரைவிடவும் அதிகம் அறிந்திருந்த பேராசிரியர் எர்னஸ்ட் டிரிஸ்ட்ராம் மெழுகு பூசிக் காப்பாற்ற நினைத்தார். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும்; ஈரம் உள்ளே வரும், வெளியே போகும். மெழுகு அந்த வழியை அடைத்தது. ஈரமும் உப்பும் சாயத்துக்குப் பின்னால் திரண்டு அதைச் செதிலாக உரித்தன. பின்னால் வந்தவர்கள் பல தலைமுறையாக அந்த மெழுகை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் அலட்சியக்காரர் அல்ல. அந்த ஓவியங்களுக்காகவே வாழ்ந்தவர்.

யார்க்‌ஷயரின் பிக்கரிங் ஊரில் 1852இல் நடுக்கூடச் சுவர்களிலிருந்து ஒரு முழு ஓவிய வரிசை வெளிப்பட்டது: கிறிஸ்டோபர், ஜார்ஜ், அம்பு பாய்ந்த எட்மண்ட், ஏரோதின் விருந்து. அங்கிருந்த குரு, இவை மக்களின் கவனத்தைக் கலைக்கும் என்று மீண்டும் வெள்ளையடிக்கச் செய்தார். சில பத்தாண்டுகள் கழித்து மறுபடி திறந்து, மங்கிய இடங்களுக்கு அழுத்தமாகச் சாயமேற்றினார்கள். இப்போது அது இங்கிலாந்தின் மிக முழுமையான கோயில் ஓவியத் தொகுதிகளில் ஒன்று. எந்தக் கோடு 15ஆம் நூற்றாண்டினுடையது, எந்தக் கோடு 19ஆம் நூற்றாண்டினுடையது என்று பார்க்கிறவர் பிரித்தறிவது எளிதல்ல. அந்தக் குருவைக் குறுகிய மனத்தவர் என்று எழுதுவது வழக்கம். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. ஓவியங்கள் வேலை செய்கின்றன, பார்ப்பவனை எதையாவது செய்ய வைக்கின்றன என்று அவர் நம்பினார்; அதனால் அஞ்சினார். டிரைக்கியும் டௌசிங்கும்கூட அதையே நம்பியவர்கள். அந்த நம்பிக்கையில் ஒரு துளியும் இல்லாமல், கோட்டையும் நிறத்தையும் மட்டும் பார்த்துத் தலையாட்டிவிட்டு வெளியேறுகிற என் போன்றவர்கள்தாம் இந்தக் கதையில் புதியவர்கள்.

இங்கிலாந்தின் சுவர்களில் வெள்ளைக்கு அடியில் இன்னும் திறக்கப்படாத ஓவியங்கள் நிறைய இருக்கின்றன. சன்னல் ஓரத்தில் பூச்சு செதில் விடும்போது விரல் அகலத்துக்குச் செங்காவி எட்டிப் பார்க்கும். அங்கே நின்றால் நகத்தால் சுரண்டிவிடத் துடிக்கும் ஆசை எவருக்கும் வரும். என்னைக் கேட்டால் திறக்க வேண்டாம் என்பேன். வெண்மை அழகாக இருக்கிறது என்பதை அதற்குக் காரணமாக ஒருவர் சொன்னால் அவரோடு நான் சேரமாட்டேன். அந்த அழகு யாரிடமிருந்து எடுக்கப்பட்டது என்பதை மோர்பாத்தின் ஆட்டுக் கணக்கு சொல்லிவிட்டது. என் காரணம் வேறு. திறந்தவர்களில் தம் முறை சரியானது என்று நம்பாதவர் ஒருவரும் இல்லை. உரித்தவர், வார்னிஷ் அடித்தவர், மெழுகு பூசியவர் எல்லோரும் தம் காலத்தின் சிறந்த அறிவோடுதான் வந்தார்கள். நம் காலத்துப் பசைகளும் கரைப்பான்களும் நூறு ஆண்டில் சுவருக்கு என்ன செய்யும் என்பதை நூறு ஆண்டு கழித்துத்தான் பார்க்க முடியும். நல்ல பராமரிப்பாளர்கள் இப்போது அடைபட்ட கூரை நீர்த்தாரையைச் சுத்தம் செய்வதிலும், முந்தைய தலைமுறை பூசிய சிமென்ட்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பையே திரும்பப் பூசுவதிலும் தம் நேரத்தைச் செலவிடுகிறார்கள். சுவர் காய்ந்திருந்தால் அடியில் உள்ளது தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் என்பது அவர்கள் கணக்கு. அந்த வேலைக்குப் பணம் திரட்டுவது கடினம், ஏனென்றால் முடிந்த பிறகு காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. ஊர் சிறிது, ஞாயிறு வழிபாட்டுக்குச் சேர்வது ஒரு கைப்பிடி பேர், கூரை ஈயத்தைத் திருடர்கள் உருவிக்கொண்டு போகிறார்கள். காட்ட ஒன்றுமில்லாத அந்த வேலைக்குத்தான் உண்டியலில் காசு போட வேண்டும் என்று நினைக்கிறேன்.